இரண்டாவது படுக்கை

எக்ஸ்ரேயம்மா இந்த வாரமும் சொல்லவில்லை.

நீங்கள் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கிறது. நானும்தான் கடிக்கிறேன். வாராவாரம் அவளை வாசல்வரை தள்ளிக்கொண்டுபோய் விட்டால், வாராவாரம் மென்று விழுங்கிவிட்டுத் திரும்பி வருகிறாள். நான் என்ன செய்ய?

இன்றுதான் முதன்முதலாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவள் அவள். காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப்போகிற சின்ன டிரெய்லர் ஒன்று வாங்கவேண்டும், அதற்குள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கவேண்டும், ரோடு முடிகிற இடத்துக்கும் அப்பால் கல்லும் மணலும் காய்ந்த ஆற்றுப்படுகையுமாகக் கிடக்கிற பக்கமெல்லாம் மாதக்கணக்கில் சுற்றவேண்டும் என்பது அவள் ஆசை. தனியாக.

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் வீட்டில் சொல்லாமல் விட்டுவிட்டாள். "டிரெய்லர் வாங்கலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பித்தாள். "பேஷா வாங்கலாம், ரெண்டு பேரும் ஜாலியா கிளம்பிடலாம்" என்று முடித்துவிட்டார் அவள் கணவர். அந்த நிமிஷமே மறுத்திருக்கலாம். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்துச் சும்மா இருந்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் தெருக்கோடி சலூன்வரை செய்தி போய்விட்டது. மறுநாள் மடக்கு நாற்காலி இரண்டு வாங்கிவந்து கூடத்தில் விரித்து, "இது உனக்கு, இது எனக்கு" என்று உட்கார்ந்தும் காட்டினார்.

அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்தவர். எல்லோருக்கும் லிஃப்ட்காரர். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் கழற்றி மாட்ட எதுவும் மிச்சமில்லாததால் பேசிக்கொண்டிருக்கிறார்.

இவர்களுக்கு மருந்துக்கடை வைத்திருக்கிற ஒரே மகள். போன வாரம் டிரெய்லர் விற்கிற யார்டிலிருந்து அம்மாவுக்கு வந்த போனை அவள்தான் எடுத்தாள். "மேடம் ஒரு ஆளுக்கு மட்டும் படுக்கை இருக்கற வண்டி கேட்டாங்களே, வந்திருக்கு" என்றது அந்தக் குரல். குட்டு உடைந்தது. "வண்டி வாங்கறதுக்குள்ள நீ அப்பாகிட்ட சொல்லணும். இல்லன்னா நான் சொல்லிடுவேன்" என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். அங்கேதான் விட்டிருந்தோம்.

இன்று வண்டி வாங்குகிற நாள்.

மகள்தான் காரை ஓட்டினாள். லிஃப்ட்காரர் முன் சீட்டில், மடியில் அளவு டேப்போடு. எக்ஸ்ரேயம்மா பின்னால்.

"வண்டி உசரமா இருக்கணும் பாப்பா. கல்லு தட்டக்கூடாது. அப்புறம் தண்ணி. ஒரு ஆள் குடிக்க, சமைக்க, மூஞ்சி கழுவ எவ்வளவு ஆகும்னு ராத்திரியே கணக்குப் போட்டுட்டேன். அதை ரெண்டால பெருக்கினா முடிஞ்சுது."

மகள் கண்ணாடி வழியே அம்மாவைப் பார்த்தாள். எக்ஸ்ரேயம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன, பின் சீட்ல சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்லீங்க. கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

அது பொய் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

யார்டு ஊருக்கு வெளியே, கம்பிவேலி போட்ட பெரிய மைதானம். வெயிலில் வரிசையாக டிரெய்லர்கள். அகலத் தொப்பி போட்ட ஒரு பெண்மணி ஓட்டமும் நடையுமாக எதிரே வந்தாள்.

"வாங்க சார், வாங்க மேடம். நீங்க இதுக்கு முன்னாடி இங்க வந்ததே இல்லையே?"

அதை யாரும் அவளிடம் விசாரிக்கவில்லை. எக்ஸ்ரேயம்மாவுக்குக் காது மடல்வரை சூடேறியது. முந்தின நாள் போன் செய்து, "வீட்டுக்காரரோட வர்றேன், என்னைத் தெரிஞ்சமாதிரி காட்டிக்காதீங்க" என்று கெஞ்சியது அவள்தான். தொப்பிக்காரி சொல்லிக்கொடுத்த வசனத்தை வாயைத் திறந்ததுமே ஒப்பித்துவிட்டாள். வழியோடு போகிற ஒருத்தியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு கட்டின புருஷனுக்கு நாடகம் போடுகிறோமே என்று நினைத்தபோது, எக்ஸ்ரேயம்மாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

லிஃப்ட்காரர் எதையும் கவனிக்கவில்லை. அதற்குள் ஒரு வண்டிக்கு அடியில் குனிந்து பாதி உடம்பை நுழைத்திருந்தார்.

"இந்த ஸ்பிரிங் கல்லு ரோட்டுக்குத் தாங்குமாம்மா?"

"தாங்கும் சார். ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்கும். ஒண்ணு பள்ளத்துல விழுந்தாலும் இன்னொண்ணு ஆடாது."

"நாங்க அப்படி இல்லம்மா. இவ விழுந்தா நானும் சேர்ந்து ஆடிடுவேன்" என்று சிரித்தார்.

தொப்பிக்காரி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எக்ஸ்ரேயம்மாவைப் பார்த்தாள். அவள் செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வரிசையில் முதலில் நின்றது கூரைமேல் கூடாரம் வைத்த வண்டி. ஏணி வைத்து ஏறவேண்டும். "இவ முழங்காலுக்கு இது ஒத்து வராது" என்று லிஃப்ட்காரர் நின்ற இடத்திலேயே தள்ளிவிட்டார். அடுத்தது, ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளை முட்டையைப் படுக்கவைத்தது போன்ற வண்டி. தகர உடம்பு, பெரிய சக்கரம், பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்பும் பலகையும். உள்ளே ஒரே ஒரு படுக்கை. கதவைச் சுற்றித் தடித்த ரப்பர் போட்டிருந்ததால் மண்ரோட்டில் போனாலும் தூசி உள்ளே வராது. படுத்தால் தலைமாட்டுச் சின்ன ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரியும். இதெல்லாம் எக்ஸ்ரேயம்மாவுக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த போன் வந்த மறுநாளே ஓசைப்படாமல் வந்து, உள்ளே படுத்துக் கதவையும் சாத்திப் பார்த்திருந்தாள். வெளியே வர மனசே வரவில்லை. இன்று அதைக் கண்ணாலேயே பார்க்காதவள்போலக் கடந்து போனாள்.

மூன்றாவதுதான் லிஃப்ட்காரருக்குப் பிடித்தது. மடித்துவைத்தால் பெட்டி, விரித்தால் கேன்வாஸ் வீடு. இந்தக் கோடியில் ஒரு படுக்கை, அந்தக் கோடியில் இன்னொன்று, நடுவில் உட்கார இடம். விரிப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒரு முனையைத் தொப்பிக்காரி பிடிக்க, மறுமுனையை அவர் இழுத்தார். கம்பியை எந்தத் துளையில் செருகவேண்டும் என்று விற்கிறவளுக்கே பாடம் நடத்தினார். தப்பான துளையில் செருகி, கூரை ஒருபக்கம் சரிந்தது. "இது கம்பியோட கோளாறு" என்றார்.

"இதுதான் வண்டி. இங்க பாரு, இது உன் கட்டில், அது என் கட்டில். நான் குறட்டை விட்டாலும் உனக்குத் தூரமா இருக்கும். எல்லாம் யோசிச்சுத்தான் சொல்றேன். இரு, படுத்துப் பார்த்துட்டு வரேன், காலு இடிக்குதான்னு."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஏறினார். ஜிப்பை இழுத்து மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது. தொப்பிக்காரி வேறு யாரையோ கவனிக்கப் போனாள்.

அம்மாவும் மகளும் கேன்வாஸ் சுவரை ஒட்டி நிழலில் நின்றார்கள்.

"சொல்லிட்டியா?" என்றாள் மகள்.

"இல்ல."

"எப்பத்தான் சொல்லப்போற? பில்லு போட்டப்புறமா?"

"வாய் வரமாட்டேங்குதுடி."

"வாய் வரலன்னா அவரையும் கூட்டிட்டுப் போ. எதுக்கும்மா இந்த நாடகமெல்லாம்? அந்தத் தொப்பி போட்டவ முழிக்கற முழியைப் பார்த்தா எனக்கே மானம் போகுது."

"அவரைக் கூட்டிட்டுப் போறதுக்கு நான் வீட்லயே கிடப்பேன்."

"அப்படி என்ன பண்ணிட்டார் உன்னை?"

"ஒண்ணும் பண்ணல. அதான் சொல்ல முடியல." எக்ஸ்ரேயம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "குடிச்சாரு, அடிச்சாருன்னா நாலு பேர்கிட்ட சொல்லலாம். நல்லவரைப் போய் என்னன்னு சொல்றது? காலைல நான் கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடியே பேச ஆரம்பிச்சிடறார். குளிக்கப் போனா கதவுக்கு வெளில நின்னு பேசறார். வேலைக்குப் போன வரைக்கும் தெரியல, அங்க எனக்குன்னு ஒரு ரூம் இருந்துது. இப்ப ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னை யாரும் கூப்பிடாம பொழுது விடிஞ்சு பொழுது போகணும்னு இருக்கு. அவர் குரல் கேட்டாலே உள்ள ஏதோ சுருங்கிக்குது. சொல்லவே அசிங்கமாத்தான் இருக்கு. என்ன பண்ணச் சொல்ற?"

 மகள் கூடாரக் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அப்பா எங்க இருப்பார்?"

"வீட்லதான்."

"நாலு நாள் இருப்பார். அஞ்சாம் நாள் பையைத் தூக்கிட்டு என் வீட்டுக்கு வந்துடுவார்."

"வந்தா என்ன? பெத்த அப்பாதானே?"

"உனக்கு என்னம்மா, சொல்லிட்டுப் போயிடுவ. உனக்கு ஆபரேஷன் ஆனப்ப வந்து இருந்தாரே, மறந்துட்டியா? கடைல வந்து உட்கார்ந்துகிட்டு, மருந்து வாங்க வர்றவங்ககிட்டயெல்லாம் உங்களுக்கு மூலம் எப்படியிருக்குன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி விசாரிச்சார். ரெண்டு பேர் அதோட கடைப்பக்கமே வர்றதில்ல. உன் மாப்பிள்ளை நைட் ஷிப்டு முடிஞ்சு வந்து படுத்தா, பக்கத்துல உட்கார்ந்து கதை சொல்றார். அவரும் எத்தனை நாளைக்குச் சிரிச்சுகிட்டே கேட்பார்?" மகள் மூச்சு வாங்கினாள். "என்னால முடியாதும்மா. அவரை வச்சுக்க என்னால முடியாது. நீயே கூட்டிட்டுப் போயிடு."

சொல்லி முடித்ததும் அவள் முகம் தொங்கிப்போனது. ஒரு வாரமாக 'அப்பாவை ஏமாத்தறியே' என்று அம்மாவைப் பிடித்துக் கிழித்தவள் அவள். அந்தக் கோபத்துக்கெல்லாம் அடியில் கிடந்தது இதுதான் என்று அம்மாவுக்குப் புரிந்தது, அம்மாவுக்குப் புரிந்துவிட்டது என்று மகளுக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ஒரு மனுஷனை நீ வைத்துக்கொள், நீ வைத்துக்கொள் என்று பழைய பீரோவைப்போல இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் தள்ளியிருக்கிறோம் என்ற கூச்சம் இரண்டு பேருக்கும்.

இந்த இடத்தில் எக்ஸ்ரேயம்மா செய்த தப்பை நான் சொல்லியாகவேண்டும். எக்ஸ்ரே அறையில் ஒரு தடுப்புச் சுவர் உண்டு. அந்தப்பக்கம் நோயாளி படுத்திருப்பார், இந்தப்பக்கம் நின்று இவள் பட்டனை அழுத்துவாள். மைக்கைப் போட்டால்தான் இவள் பேசுவது அவருக்குக் கேட்கும். போடாவிட்டால் என்ன வேண்டுமானாலும் பேசலாம். கூட வேலை பார்த்தவர்களோடு எத்தனையோ வம்பு அப்படிப் பேசியிருக்கிறாள், படுத்திருந்தவர்களைப் பற்றியே பேசியிருக்கிறாள். நடுவில் சுவர் இருந்தால் அந்தப்பக்கம் படுத்திருப்பவருக்குக் காது கேட்காது என்பது அவள் உடம்பில் ஊறிப்போயிருந்தது.

இது கேன்வாஸ்.

ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர் இறங்கினார். பின்தலை முடி படுக்கையில் அழுந்தி ஒட்டியிருந்தது. குனிந்து செருப்பை மாட்டினார். இடதுகாலில் வலது செருப்பு நுழைந்தது. கழற்றி மாற்றிப் போட்டார்.

"கால் இடிச்சுதாங்க?" என்றாள் எக்ஸ்ரேயம்மா.

"இல்ல."

அவ்வளவுதான். மெத்தை எப்படி, காற்று எங்கிருந்து வருகிறது, தைத்த தையலில் என்ன குறை என்று சாதாரணமாக அரைமணி நேரம் சொல்லக்கூடியவர், அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். மகளின் கை அம்மாவின் முழங்கையைப் பிடித்தது.

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோய் அந்த வெள்ளை முட்டை முன்னால் நின்றார். தொப்பிக்காரி ஓடிவந்தாள்.

"சார், அந்த கேன்வாஸ் வண்டி…"

"அது வேணாம்மா. ரெண்டாவது படுக்கைக்கு ஆள் இல்ல."

"ஏங்க" என்று எக்ஸ்ரேயம்மா ஓரடி முன்னால் வந்தாள். அதற்கு மேல் என்ன சொல்வது? சொல்லவேண்டியதையெல்லாம்தான் சுவருக்கு இந்தப்பக்கம் நின்று சொல்லியாகிவிட்டதே.

அவர் அவளைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்பக்கம் நீண்டிருந்த கொக்கியைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை ஒரே ஆள் கார்ல கோக்க முடியுமா? பின்னாடி நின்னு கை காட்ட ஆள் இல்லாம?"

தொப்பிக்காரி பாவம், வியாபார உற்சாகத்தில் வசனத்தை மறந்துவிட்டாள். "தாராளமா சார். போன தடவை வந்தப்ப மேடமே தனியா கோத்துப் பார்த்தாங்களே" என்றவள், சட்டென்று தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

லிஃப்ட்காரர் தலையை மெதுவாக ஆட்டினார்.

"அப்படியா. நல்லா கோத்தாளா?"

"நல்லா… நல்லா கோத்தாங்க சார்."

"கெட்டிக்காரிதான்."

அந்த ஒரு சொல்லுக்குப் பதில் அவர் தன்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது எக்ஸ்ரேயம்மாவுக்கு. மகள் அப்பாவிடம் போய், "அப்பா, நான் அந்த அர்த்தத்துல சொல்லல…" என்று ஆரம்பித்தாள்.

"கடைப்பக்கம் வரமாட்டேம்மா. பயப்படாத." அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "அந்த மூலம் விசாரிச்சது தப்புதான். நல்லதுக்குன்னு நினைச்சுக் கேட்டுட்டேன். அவங்க வர்றதில்லன்னு நீ சொல்லியிருக்கலாம்."

மகள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு காருக்கு அந்தப்பக்கம் போய்விட்டாள்.

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அதான்" என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல். "சலூன்ல இனிமே என்ன சொல்றதுன்னு தெரியல."

அவர் காதுகள் சிவந்திருந்ததை அப்போதுதான் எக்ஸ்ரேயம்மா பார்த்தாள். கோபம் என்றால் அவளுக்குத் தெரியும். இது கோபமில்லை. உலகத்துக்கே தான் ஒரு தொந்தரவு என்று இவ்வளவு வயசுக்கு மேல் தெரிந்துகொண்ட வெட்கம். அதைக் கொண்டுவந்து அவர்மேல் போட்டது தான்தான் என்று தெரிந்தபிறகு, அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"எனக்கு ஒரு தடவை கோத்துக் காட்டு" என்றார்.

"இப்ப வேண்டாங்க."

"காட்டு. சரியா மாட்டலன்னா மேட்டுல ஏறும்போது கழண்டுக்கும். நான் தள்ளி நிக்கறேன்."

மகளிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு எக்ஸ்ரேயம்மா காரில் ஏறினாள். ரிவர்ஸ் போட்டாள். கண்ணாடியில் வெள்ளை வண்டியும், அதற்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் அவரும் தெரிந்தார்கள். முதல் தடவை கார் கொக்கியைவிட்டு விலகிப் போனது. முன்னால் எடுத்து மறுபடி வந்தாள். ரொம்ப நெருங்கி, பம்பர் போய் முட்டியது. வீட்டு வாசலில் காரை எடுக்கும்போதெல்லாம் "லெஃப்ட்ல ஒடி, ஒடி, போதும், போதும்னா கேளு" என்று உயிரை வாங்குகிற மனுஷன், உதட்டை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். இவ்வளவு நாள் அவள் வேண்டிக்கிடந்த மௌனம்தான் அது. கிடைத்தபோது கண்ணாடியில் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலைந்து தடவைக்குப் பிறகு சரியான இடத்தில் நின்றது. இறங்கி, கைப்பிடியைச் சுற்றி வண்டியின் மூக்கை இறக்கினாள். கொக்கி உட்கார்ந்தது. பூட்டுக் கம்பியைச் செருகினாள், சங்கிலியை மாட்டினாள், விளக்கு ஒயரைக் கோத்தாள். கையெல்லாம் கிரீஸ்.

அவர் வந்து குனிந்தார். கம்பியை ஆட்டிப் பார்த்தார், சங்கிலியை இழுத்துப் பார்த்தார். சர்வீஸுக்குப் போன கட்டடங்களில் ஆள் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு லிஃப்டையும் அப்படித்தான் பார்த்திருப்பார். பிறகு பையிலிருந்து ஒரு துணியை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரியாத்தான் இருக்கு" என்றார்.

"ஏங்க, நான் உங்களை…"

"அதெல்லாம் கேட்டாச்சு. விடு." காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. திரும்பி வருவியா?"

வருவேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் வாயைத் திறந்தாள். எந்த ஆற்றுப்படுகை, எந்த மாசம், எவ்வளவு தண்ணீர், பேட்டரி எத்தனை நாள் வரும் என்று எல்லாவற்றையும் யோசித்துவைத்திருந்தவள், இதை மட்டும் யோசித்திருக்கவில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. வருவேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். அது வாய்க்கு வருவதற்குள் அவர் அவள் முகத்தைப் படித்துவிட்டார்.

"வரு… வருவேங்க."

லிஃப்ட்காரர் அவள் கையிலிருந்த கிரீஸ் துணியை வாங்கி, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அவசரமில்ல" என்றார். "யோசிச்சே சொல்லு."

பின் கதவைத் திறந்து, வரும்போது அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.